கரீபியனில் ஒரு வாரம்: நான்கு தீவுகள், நான்கு செலவுக் கணக்குகள்

மது அருந்தாத, சைவம் சாப்பிடும் குடும்பம் கரீபியனில் ‘ஆல்-இன்க்ளூசிவ்’ ரிசார்ட்டில் தங்கினால், பெரும்பாலும் அடுத்தவர் குடிக்கும் பில்லில் பங்கு கட்டுகிறது. அறை, மூன்று வேளைச் சாப்பாடு, நாள் முழுக்க மது, இரவு நிகழ்ச்சி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஆளுக்கு இவ்வளவு என்று விலை வைக்கிறார்கள். பாருக்கும் கடலுணவுக்கும் போகும் பங்கு நமக்குப் பயன்படாது. அப்படியிருந்தும், டொராண்டோவிலிருந்து கிளம்புகிறவர்களுக்குச் சில வாரங்களில் அதே ரிசார்ட்தான் எல்லாவற்றையும் விட மலிவாக முடியும். எப்போது அப்படி, எப்போது இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஒப்பீடு.

கணக்குக்கு எடுத்துக்கொள்வது பெரியவர் இரண்டு பேர், பள்ளி வயதுப் பிள்ளைகள் இருவர், ஏழு இரவு. ஒப்பிடுவது டொமினிக்கன் குடியரசின் புன்டா கானா ரிசார்ட், பார்படாஸின் தென்கரையில் சமையலறையோடு ஒரு வாடகை வீடு, புவெர்டோ ரிக்கோ, குவாதலூப். கடைசியாகச் சொன்னது முக்கியமாக பாரிஸிலும் மொன்றியலிலும் இருப்பவர்களுக்கு.

முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

விலை பார்ப்பதற்கு முன்பே பாதி முடிவை பாஸ்போர்ட் எடுத்துவிடும். அமெரிக்க, கனடியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்த நான்கு இடத்துக்கும் விசா வேண்டாம். அவர்கள் அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். மற்றவர்களுக்குச் சில கண்ணிகள் இருக்கின்றன.

புவெர்டோ ரிக்கோ அமெரிக்காவின் ஆட்சிப் பகுதி. நியூ ஜெர்சியிலிருந்தோ டெக்சாஸிலிருந்தோ பறந்தால் அது உள்நாட்டுப் பயணம். எச்-1பி வேலை விசாவில் இருந்து, பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் காலாவதியானவர்களுக்கு இது பெரிய விஷயம். பார்படாஸுக்கோ டொமினிக்கனுக்கோ போனால் திரும்பி வர புது ஸ்டாம்பிங் வேண்டும். ஸ்டாம்பிங் இல்லாமல் முப்பது நாளுக்குள் போய் வரும் சலுகை எச்-1பி-க்கு கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் மட்டும்தான். எஃப், ஜே விசா மாணவர்களுக்கு அது கியூபா தவிர்த்த பக்கத்துத் தீவுகளுக்கும் உண்டு. பல்கலைக்கழக நண்பர் போய் வந்தாரே என்று எச்-1பி-காரர் டிக்கெட் போட்டு மாட்டிக்கொள்வது இந்த வித்தியாசத்தால்தான். புவெர்டோ ரிக்கோ போகும்போதும் பாஸ்போர்ட்டும் எச்-1பி ஒப்புதல் தாளான ஐ-797-உம் கையில் இருக்கட்டும். சான் ஹுவான் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரிகள் கேட்கலாம்.

கனடாவில் பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) வைத்து இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட்டில் இருப்பவர்களுக்கு நிலைமை தலைகீழ். புவெர்டோ ரிக்கோவுக்கு அமெரிக்க விசா வேண்டும். அது மட்டுமல்ல, மயாமியில் இறங்கி விமானம் மாறுவதற்கும் வேண்டும். தேடும்போது பார்படாஸுக்கு முதலில் வரும் மலிவு டிக்கெட் மயாமி வழியாகவோ நியூயார்க் வழியாகவோ இருக்கும். அமெரிக்க விசா இல்லாதவருக்கு அந்த விலை வெறும் எண்தான். நேரடி விமானம் என்று வடிகட்டிவிட்டுப் பிறகு விலை பாருங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு பார்படாஸ் விசா கேட்பதில்லை. டொமினிக்கன் கேட்கும். ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க, கனடிய, பிரிட்டிஷ் அல்லது ஷெங்கன் விசாவோ, அந்நாடுகளின் வதிவிட அட்டையோ இருந்தால் தனி விசா தேவையில்லை. குவாதலூப் பிரான்ஸின் பகுதி, ஆனால் ஷெங்கனுக்குள் இல்லை. சாதாரண ஷெங்கன் விசாவைக் காட்டி உள்ளே போக முடியாது. பிரான்ஸின் கடல்கடந்த பகுதிகளுக்குச் செல்லும் என்று குறிப்பிட்ட விசா வேண்டும். பிரெஞ்சு வதிவிட அட்டை உள்ளவர்களுக்குத் தடையில்லை.

பார்படாஸும் டொமினிக்கனும் பயணத்துக்கு முன் இணையத்தில் படிவம் நிரப்பச் சொல்கின்றன. இரண்டும் இலவசம். தேடுபொறியில் மேலே வரும் சில தளங்கள் அதையே காசு வாங்கிக்கொண்டு நிரப்பித் தருகின்றன. அரசுத் தளத்தின் முகவரியா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

புன்டா கானா: எல்லாம் அடக்கம் என்றால் எதெல்லாம்?

குளிர்காலத்தில் டொராண்டோ, மொன்றியல் விமான நிலையங்களிலிருந்து புன்டா கானாவுக்கு விமானம், ஏழு இரவு ரிசார்ட், விமான நிலைய வண்டி மூன்றையும் கட்டி ஒரே விலையாக விற்கும் நிறுவனங்கள் பல. அவர்கள் விமான இருக்கைகளையும் ரிசார்ட் அறைகளையும் மொத்தமாக எடுத்துவைப்பதால், பயண நாள் நெருங்கியும் விற்காத இடத்தைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். டிசம்பர் முதல் இரண்டு வாரமும், ஜனவரியில் பள்ளி திறந்த பிறகும் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். தனியாக விமான டிக்கெட் எடுப்பதற்கும் முழுப் பேக்கேஜுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லாத நாட்கள் உண்டு. அப்போது நீங்கள் குடிக்கிறீர்களா, மாமிசம் சாப்பிடுகிறீர்களா என்ற கேள்விக்கே இடமில்லை, எடுத்துக்கொள்ளலாம். ஒன்டாரியோவின் மார்ச் விடுமுறை வாரத்திலோ கிறிஸ்துமஸ் வாரத்திலோ இந்தக் கணக்கு செல்லாது. அமெரிக்காவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இப்படித் தள்ளிவிடும் பேக்கேஜ் அபூர்வம். அவர்களுக்கு ரிசார்ட் முழு விலைதான்.

விலை ஒரு அறையில் இரண்டு பெரியவர் என்ற அடிப்படையில் காட்டப்படும். பிள்ளைகளுக்கான சலுகை எந்த வயதோடு முடிகிறது என்பது ரிசார்ட்டுக்கு ரிசார்ட் மாறும். சில இடங்களில் 13 வயதுப் பையன் முழு ஆள். தேடும் பெட்டியில் பிள்ளைகளின் சரியான வயதைப் போட்டு, கடைசிப் பக்கத்தில் வரும் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்.

அடக்கம் இல்லாதவை: சுற்றுலாக்கள், ஸ்பா, மோட்டார் படகு விளையாட்டுகள், சில உணவகங்களில் ‘கூடுதல் கட்டணம்’ என்று போட்ட பதார்த்தங்கள். பஃபே எப்போதும் திறந்திருக்கும். மேசையில் பரிமாறும் தனி உணவகங்களுக்கு வாரத்துக்கு இத்தனை இரவு என்று வரம்பு இருக்கும். போய் இறங்கிய அன்றே அவற்றை முன்பதிவு செய்யாவிட்டால் கடைசியில் பஃபேதான்.

சைவக்காரர்களுக்கு அந்த பஃபேயில் பாஸ்தா, சாலட், பழம், சோறு கிடைக்கும். சோற்றோடு வரும் பீன்ஸ் குழம்பு பார்க்கச் சைவமாகத் தெரியும். அதில் பன்றி இறைச்சியோ கோழிச் சாறோ கலந்திருக்க வாய்ப்புண்டு. ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் கோழி சரியா என்று திருப்பிக் கேட்பார்கள். ஸ்பானிஷில் நான்கையும் சொல்லிவிடுவது உத்தமம்: “சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்.” இறைச்சி, கோழி, மீன், பன்றித்தொடை எதுவும் வேண்டாம் என்று பொருள்.

ரிசார்ட்டுக்கு வெளியே சாப்பிடப் போனால் மெனு விலையோடு 18 சதவீத வரியும் 10 சதவீதச் சட்டப்படியான சேவைக் கட்டணமும் ஏறும் இடங்கள் பல. ஆயிரம் பெசோ உணவு 1,280 ஆகிவிடும். விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று ஆர்டர் கொடுக்கும் முன் கேளுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம். அட்டை மெஷின் டாலரா பெசோவா என்று கேட்டால் பெசோவைத் தேர்ந்தெடுங்கள். டாலர் என்றால் மாற்று விகிதத்தை அவர்கள் தரப்பு வைக்கும், அது கையைக் கடிக்கும்.

புன்டா கானாவின் பெரிய சிக்கல் சர்காஸம் என்ற பழுப்புக் கடற்பாசி. 2011 முதல் இது கரீபியன் கரைகளில் மிகுதியாக ஒதுங்குகிறது. பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை, அட்லாண்டிக்கைப் பார்த்த கிழக்குக் கரைகளில். புன்டா கானா சரியாக அந்தப் பக்கம்தான் பார்க்கிறது. கரையில் குவிந்து அழுகினால் அழுகிய முட்டை நாற்றம் வரும், கடலில் இறங்க முடியாது. மே, ஜூனில் பேக்கேஜ் மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த மாதங்களில்தான் லீவு என்றால் அதே நாட்டின் தென்கரையில் உள்ள பாயாஹிபே பக்கம் ரிசார்ட் பாருங்கள். அங்கே பாசித் தொல்லை குறைவு. சாவோனா தீவுக்குப் படகுகள் கிளம்புவதும் அங்கிருந்துதான். புன்டா கானா ரிசார்ட் மேசையில் அதே சுற்றுலாவை வாங்கினால் போக வர நீண்ட பஸ் பயணத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள்.

பார்படாஸ்: மூன்றரை டாலர் பஸ்

பார்படாஸ் விலை அதிகமான தீவு என்று பெயர் எடுத்திருக்கிறது. மேற்குக் கரையில் ஹோல்டவுனைச் சுற்றியுள்ள ஓட்டல்களைப் பார்த்தால் அது உண்மை. தென்கரையில் வர்திங், டோவர், ராக்லி பக்கம் சமையலறையோடு வீடு எடுத்து பஸ்ஸில் சுற்றுகிறவர்களுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. சைவக் குடும்பத்துக்கு இந்த நான்கில் என் முதல் தேர்வு இதுதான்.

காரணம் போக்குவரத்து. தீவுக்குள் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரு பஸ்ஸுக்கு ஒரே கட்டணம், 3.50 பார்படாஸ் டாலர். இரண்டு பார்படாஸ் டாலர் ஒரு அமெரிக்க டாலருக்குச் சமம் என்று நிலையாகக் கட்டிவைத்திருப்பதால், ஆளுக்கு 1.75 அமெரிக்க டாலர். நான்கு பேர் தலைநகர் பிரிட்ஜ்டவுன் போய்த் திரும்ப 28 பார்படாஸ் டாலர், அதாவது 14 அமெரிக்க டாலர். வாடகைக் காரை ஏழு நாள் வைத்திருப்பதைவிட, ஆறு நாள் பஸ்ஸும் உள்நாட்டைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் மட்டும் காரும் என்று பிரித்தால் செலவு நன்றாகக் குறையும். கார் எடுத்தால் இடப்பக்கம் ஓட்ட வேண்டும், தனியாக விசிட்டர் பர்மிட்டும் வாங்க வேண்டும்.

பஸ் மூன்று வகை. நீல நிறத்தில் மஞ்சள் பட்டை போட்டது அரசு பஸ். மஞ்சளில் நீலப் பட்டை தனியார் மினி பஸ். வெள்ளையில் மெரூன் பட்டை போட்ட வேன்களை ‘இசட்-ஆர்’ என்பார்கள். அரசு பஸ்ஸில் மீதிச் சில்லறை கிடையாது, சரியான சில்லறையைப் போட வேண்டும். இசட்-ஆரில் மீதி தருவார்கள், நெரிசலும் சத்தமும் அதிகம். நிறுத்தப் பலகையில் ஒரு பக்கம் ‘டு சிட்டி’, எதிர்ப்பக்கம் ‘அவுட் ஆஃப் சிட்டி’ என்று இருக்கும். சிட்டி என்றால் பிரிட்ஜ்டவுன். கையை நீட்டினால்தான் நிற்கும். தெற்கு, கிழக்குப் பக்கத்து அரசு பஸ்கள் ஃபேர்சைல்ட் தெரு நிலையத்திலிருந்தும், மேற்குக் கரை வழியாக ஸ்பைட்ஸ்டவுன் போகிறவை பிரின்சஸ் ஆலிஸ் நிலையத்திலிருந்தும் கிளம்பும். இரண்டுக்கும் இடையே நடக்க வேண்டும், வெயிலுக்குத் தொப்பி இருக்கட்டும்.

கடற்கரைகள் எல்லாமே பொது. ஆடம்பர ஓட்டலின் முன்னாலுள்ள மணலிலும் துண்டை விரித்து உட்காரலாம். நாற்காலிக்கும் குடைக்கும்தான் காசு. தென்கரையில் தங்கி மேற்குக் கரையில் குளிப்பதே கணக்கு தெரிந்தவர்கள் செய்வது, ஏனென்றால் பாசி ஒதுங்கும் மாதங்களிலும் மேற்குப் பக்கம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். பிரிட்ஜ்டவுனை ஒட்டிய கார்லைல் வளைகுடாவில் மூழ்கிய கப்பல்களும் கடலாமைகளும் கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்திலேயே இருக்கின்றன. முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் ஊரிலிருந்தே கொண்டுபோனால், படகுச் சுற்றுலாவில் ஆள் கணக்கில் காசு கொடுத்துப் பார்ப்பதை இலவசமாகப் பார்க்கலாம். நீச்சல் தெரியாத பிள்ளைகளுக்குப் படகே பாதுகாப்பு, அங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம். கிழக்குக் கரையிலுள்ள பாத்ஷிபா பார்க்க அழகு. நீரோட்டம் மோசம், குளிக்காதீர்கள்.

சாப்பாடு விஷயத்தில் திட்டமிடாமல் போனால் பார்படாஸ் கடிக்கும். சூப்பர் மார்க்கெட்டில் இறக்குமதியான தயிர், சீஸ், காலை உணவுச் சீரியல் எல்லாம் அமெரிக்க விலையைத் தாண்டும். உள்ளூரில் விளைவது வேறு கதை: பூசணி, வெண்டை, சர்க்கரைவள்ளி, ஈரப்பலா, வாழைப்பழம் ஆகியவை பிரிட்ஜ்டவுன் சீப்சைட் சந்தையில் சனிக்கிழமை காலை நன்றாகக் கிடைக்கும். அரிசியும் பருப்பும் எங்கும் உண்டு. வாடகை வீட்டில் குக்கர் இருக்காது. துவரம் பருப்பைக் கட்டிக்கொண்டு போய்ப் பயனில்லை, மைசூர்ப் பருப்பு திறந்த பாத்திரத்தில் இருபது நிமிடத்தில் வெந்துவிடும். சாம்பார்ப்பொடி, ரசப்பொடி, புளிக் கரைசல் ஆகியவற்றைக் கம்பெனி பாக்கெட் பிரிக்காமல் கொண்டுபோங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள். வெளியே சாப்பிடும் நாளுக்கு உருளைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் மடித்த ரொட்டி இருக்கிறது. டிரினிடாட், கயானா பக்கத்திலிருந்து வந்த சாப்பாடு அது. குழாய்த் தண்ணீர் பவளச் சுண்ணாம்புப் பாறையில் வடிந்து வருவது, நேராகக் குடிக்கலாம். ஒரு வாரத்துக்குப் பாட்டில் தண்ணீர் செலவே இல்லை என்பது சின்னச் சேமிப்பு இல்லை.

அமெரிக்க டாலரை எல்லாரும் வாங்குவார்கள், மீதியை உள்ளூர்க் காசில் தருவார்கள். அந்தக் காசு தீவுக்கு வெளியே செல்லாது, கிளம்புமுன் செலவழித்துவிடுங்கள். உணவக பில்லில் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே இருந்தால் மேலே டிப்ஸ் வைக்கத் தேவையில்லை.

புவெர்டோ ரிக்கோ: டிக்கெட் மலிவு, அறை ஏமாற்றும்

அமெரிக்காவிலிருந்து போட்டி போட்டுக்கொண்டு விமானங்கள் பறப்பதால் நான்கில் டிக்கெட் பெரும்பாலும் இங்கேதான் குறைவு. போன் பிளான் அப்படியே வேலை செய்யும், நாணய மாற்று இல்லை, கார் இன்ஷூரன்ஸும் கிரெடிட் கார்டு பாதுகாப்பும் பெரும்பாலும் செல்லும்; எதற்கும் கம்பெனியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சமான பணம் ஓட்டலில் கரையும். அறை வாடகைக்கு 9 சதவீத வரி, கேசினோ உள்ள ஓட்டல் என்றால் 11, குறுகிய கால வாடகை வீடு என்றால் 7. இதற்குமுன் ரிசார்ட் ஃபீ வரும். உதாரணமாக 200 டாலர் அறை, 40 டாலர் ரிசார்ட் ஃபீ, இரண்டுக்கும் சேர்த்து 9 சதவீத வரி என்றால் இரவுக்கு 261.60. ஏழு இரவில் நீங்கள் பார்த்த விலைக்கும் கட்டிய விலைக்கும் 431 டாலர் இடைவெளி. வாடகை வீட்டில் ரிசார்ட் ஃபீ இல்லை, துப்புரவுக் கட்டணம் உண்டு. அது தங்கலுக்கு ஒரு முறைதான் என்பதால் ஏழு இரவுக்கு வீடு லாபம், இரண்டு இரவுக்கு நஷ்டம்.

பழைய சான் ஹுவானில் இருக்கும் இரண்டு நாட்களுக்குக் கார் வேண்டாம். பார்க்கிங் தொல்லை, ஊபர் போதும். எல் யுங்கே மழைக்காட்டுக்கும் கிழக்குக் கரைக்கும் போகும் நாட்களுக்கு மட்டும் கார் எடுங்கள். சுங்கச் சாலைக்கான மின்னணுக் கருவிக்கு வாடகை நிறுவனம் நாள் கட்டணம் போடும். அதையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

இந்தத் தீவின் மிகப் பெரிய மலிவுச் சரக்கு படகு. சேய்பா துறையிலிருந்து குலேப்ரா தீவுக்கு 2.25 டாலர், வியேகெஸுக்கு 2 டாலர். தீவுவாசிகளுக்கு முன்னுரிமை, மீதி இடம்தான் மற்றவர்களுக்கு. இணையத்தில் முன்னதாக எடுக்காமல் காலையில் துறைக்குப் போய் நின்றால் ஏமாற்றம் நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக் காரைப் படகில் ஏற்ற ஒப்பந்தம் அனுமதிக்காது. சேய்பாவுக்கு ஊபரில் போய்விடலாம், மாலையில் திரும்பி வர வண்டி கிடைப்பது கஷ்டம். சொந்தமாக ஓட்டிப் போய்த் துறையில் நிறுத்துவதே நல்லது. படகு ரத்தாகும் நாளும் உண்டு, ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய தினம் குலேப்ரா வைக்காதீர்கள்.

சைவக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது: மோஃபோங்கோ என்ற வாழைக்காய்ப் பதார்த்தத்தைப் பன்றித் தோல் வறுவலோடு இடிப்பது வழக்கம். “சின் சிச்சரோன்” என்று சொன்னால் பூண்டும் எண்ணெயும் மட்டும் போட்டு இடித்துத் தருவார்கள்.

குவாதலூப்: பாரிஸ்காரர்களுக்கு உள்நாடு

பாரிஸில் லா ஷப்பெல் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு ஓர்லி விமான நிலையத்திலிருந்து குவாதலூப்பின் புவான்த்-ஆ-பீத்ர் எட்டு மணி நேரத்துக்கு மேலான உள்நாட்டுப் பயணம். யூரோ, பிரெஞ்சு மருத்துவக் காப்பீடு, சேவைக் கட்டணம் அடங்கிய மெனு விலை எல்லாம் அப்படியே. பேக்கேஜ் ரிசார்ட்டைவிட ‘ஜீத்’ எனப்படும் சமையலறை வீடும் காரும்தான் இங்கே வழக்கம். கார் இல்லாமல் முடியாது. ஆட்டோமேட்டிக் வண்டிகள் குறைவு, விலையும் அதிகம். கியர் வண்டி ஓட்டத் தெரிந்தால் அங்கேயே ஒரு சேமிப்பு. பெட்ரோல் விலையை அரசே நிர்ணயிப்பதால் பங்க் தேடி அலைய வேண்டாம். ஜூலை, ஆகஸ்ட், கிறிஸ்துமஸ் நாட்களில் பாரிஸில் வேலை செய்யும் தீவுக்காரர்கள் ஊருக்குப் போவதால் டிக்கெட் உச்சத்தில் இருக்கும். மே, ஜூன், நவம்பர் நல்லது. வீடு பதிவு செய்யும்போது தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள், முறை வைத்துத் தண்ணீர் நிறுத்தும் பகுதிகள் உண்டு.

1854 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பகுதி தமிழர். அவர்கள் வழி வந்த ‘கொலொம்போ’ மசாலா சந்தையில் கிடைக்கும். மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு சேர்ந்தது. மசாலாவைச் சுமந்துகொண்டு போகவே வேண்டாம். காப்பெஸ்தேர் அருகே ஷாஞ்சியில் இருக்கும் இந்துக் கோயிலையும் பார்த்துவிடலாம்.

மாதம்

டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை எல்லாத் தீவிலும் உச்ச விலை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரையும், நவம்பர் முதல் டிசம்பர் நடு வரையும் வானிலையும் விலையும் ஒத்துவரும். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30. கடுமையானது ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை. பள்ளி விடுமுறையை விட்டு நகர முடியாதவர்களுக்கு ஜூலை தொடக்கம் ஆகஸ்ட் கடைசியைவிடத் தேவலை. ஆனால் 2024-இல் ‘பெரில்’ புயல் ஜூலை 1 அன்றே கிரெனடாவின் கரியாகூ தீவைத் தாக்கியது. பார்படாஸில் ஆகஸ்ட் முதல் திங்களன்று முடியும் கிராப் ஓவர் திருவிழா வாரம் அறை கிடைப்பதும் கடினம்.

பயணக் காப்பீட்டை டிக்கெட் வாங்கிய வாரத்திலேயே எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்த பாலிசி அந்தப் புயலுக்குப் பணம் தராது. கிரெடிட் கார்டோடு வரும் காப்பீடு இருந்தால், பயணத்துக்கான பணத்தை அதே கார்டில் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பாருங்கள். அறையை ரத்து செய்யக்கூடிய விலையில் எடுப்பது புயல் மாதங்களில் கொஞ்சம் கூடுதலானாலும் தகும். மற்ற மாதங்களில் ரத்து செய்ய முடியாத விலையை எடுத்து அந்த வித்தியாசத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.